எங்கள் அடுப்பங்கரை

இலக்கியச் சஞ்சிகையொன்றிலே கறி சமைப்பதைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அதுவும் மாட்டிறைச்சிக் கறியைப் பற்றி! ஆயின், ஒரு சமுதாயம் யாரை மதிக்கிறது, யாரை ஒதுக்குகிறது என்பதை அதன் ஏடுகளிலும் பார்க்க அதன் அடுப்பங்கரைகளே தெளிவாகச் சொல்லும். யாழ்ப்பாணத்திலே "சைவம்" என்ற ஒரே சொல் சமயத்தையும் மரக்கறியுணவையும் ஒருங்கே குறிக்கிறது. உணவு சமயத்தின் அடையாளமாகவும், சமயாசாரம் சாதியின் அளவுகோலாகவும் அமைந்துவிட்ட மண்ணிலே, மாட்டிறைச்சி வேகும் சட்டி வெறுஞ் சட்டியன்று.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் அது வேகும். ஐயா கூலிவேலை செய்தவர். ஆட்டிறைச்சி எங்கள் கைக்கு எட்டாத பண்டம். அம்மா சந்தையில் வாங்கிவருவது மாட்டின் கழுத்துப்பக்கமும் முன்னங்காற் சதையுமே. வண்டி இழுத்து, வயல் உழுது, முதுமையடைந்த மாட்டின் தசை அது. கடைக்கார நானா நிறுத்துக் கொடுக்கும்போதே, "தங்கச்சி, இது கொஞ்சம் முற்றல். ஆறுதலாய் அவியவிடுங்கோ" என்பார். எங்கள் பேச்சுவழக்கில் "ஆறுதலாய்" என்றால் அவசரமின்றி என்பது பொருள். மாட்டிறைச்சிச் சமையலின் இரகசியம் முழுவதும் அந்தச் சொல்லிலே அடங்கியிருக்கிறது.

உழைத்த விலங்கின் தசையிலே தொடுப்பிழையம் மிகுதி. அதிலுள்ள கொலாஜன் என்னும் புரதமே இறைச்சிக்குக் கடினத்தைக் கொடுப்பது. ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், நீரோடு நெடுநேரம் இருக்கும்போது, அது சிறிது சிறிதாக இளகி ஜெலற்றீனாக மாறுகிறது. குழம்பு தடித்து விரலில் ஒட்டுவது அதனாலேதான். பெருந்தீயிலே குமுறக் கொதிக்கவிட்டாலோ, தசைநார்கள் இறுகி நீரைக் கக்கிவிடும், இறைச்சி சக்கையாகும். அம்மா இந்தப் பெயர்களை அறிந்தவரல்லர். ஆனால் சட்டி கொதித்ததும் பனைமட்டைக் கொள்ளிகளை வெளியே இழுத்துத் தணலை மாத்திரம் விட்டுவைக்க வேண்டுமென்பதை அவர் அறிவார். அது அவருடைய தாயிடமிருந்து அவருக்குக் கிடைத்த சீதனம்.

நாருக்குக் குறுக்காக, இரண்டு விரல் அகலத் துண்டுகளாக இறைச்சியை வெட்டுவார். நீரை நன்றாக வடித்து, உப்பு, மஞ்சள், மிளகுதூள், தட்டிய இஞ்சி, உள்ளி, சிறிது வினாகிரி ஆகியவற்றைப் பிசறி ஒருமணி நேரம் ஊறவைப்பார். மிகவும் முற்றலென்று கண்டால் பப்பாசிக்காயில் ஒரு சிறு துண்டை அரைத்துச் சேர்ப்பார். அதிலுள்ள பப்பெயின் என்னும் நொதியம் புரதத்தைச் சிதைக்கும். அளவு மீறினால் இறைச்சியின் மேற்புறம் மாவாகிவிடும். பின்னர் தேங்காயெண்ணெயிலே துண்டுகளைச் சிறிது சிறிதாகப் போட்டுச் சிவக்க வறுத்தெடுப்பார். ஒரேயடியாகக் கொட்டினால் நீர் ஊறிச் சட்டியின் வெப்பம் இறங்கும். நீர் நிற்கும்வரை அவியுமேயன்றி வறுபடாது. சிவந்த நிறமும் அதன் மணமும் பிறக்கமாட்டா.

அந்த எண்ணெயிலேயே சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, ரம்பை, கறுவா என்பன வதங்கும். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் ஆகியவற்றை வறுத்திடித்த தூள் அதன்மேல் விழும். இறைச்சியைச் சேர்த்து, தேங்காயின் இரண்டாம் பாலை விட்டு மூடினால், மூன்று மணிநேரம் தணலிலே கிடக்க வேண்டும். அகப்பையால் அழுத்தும்போது துண்டு பிளந்தால் பதம். முதற்பாலை விட்டு ஒரு கொதியோடு இறக்கி, சற்று ஆறியதும் தேசிக்காய்ப் புளியைச் சேர்ப்பார். இன்னும் வற்றவிட்டால் பிரட்டல். மறுநாட் காலையில் பாணோடோ புட்டோடோ உண்ணும்போதுதான் அதன் சுவை முழுமையடையும்.

இத்துணைக் கைத்திறனும் எங்கள் வீட்டிலே சாளரத்தை மூடிக்கொண்டுதான் நடைபெற்றது. தூள் போடும் வேளைக்கு முன்னரே தெருப்பக்கத்துச் சாளரத்தை அம்மா சாத்திவிடுவார். மணம் வெளியே போனால் எங்கள் சாதியும் அதனோடு வெளியே போகும் என்பது அவருடைய அச்சம். ஊரறிந்த சாதியை மறைக்க முடியாதுதான். ஆயினும் நினைவூட்டாமலாவது இருக்கலாமல்லவா? திங்கட்கிழமைகளில் ஆசிரியரொருவர் என் புத்தகப்பையை முகர்ந்து பார்ப்பதுபோலப் பாவனை செய்து வகுப்பைச் சிரிக்க வைப்பார். அந்தச் சிரிப்பு என் காதுகளில் இன்னும் இருக்கிறது.

அதே ஊரிலே "பெரிய வீட்டு" இளைஞரொருவர் இருள் கவிந்தபின் பின்வேலிப் பொட்டால் வருவார். தாம் கொண்டுவந்த தூக்குச்சட்டியில் கறியை வாங்கிக்கொண்டு போவார். காசைத் திண்ணையிலே வைப்பார், கையிலே தரமாட்டார். ஒருமுறை விக்கல் எடுத்தபோது அம்மா செம்பிலே தண்ணீர் கொடுத்தார். அவர் அதை வாங்கவில்லை. அம்மாவின் கறி அவருக்கு உகந்தது; அம்மாவின் தண்ணீர் தீட்டு!

கொல்லாமையை மனமார நோற்பவர்களை நான் மதிக்கிறேன். உயிர்களிடத்து அவர்கள் கொண்ட இரக்கத்தில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை விரதமிருந்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சியும் நண்டும் உண்டுவிட்டு, மாட்டிறைச்சி உண்பவனை இழிந்தவன் என்போரின் வெறுப்பை இரக்கமென்று எப்படி அழைப்பது? ஆட்டுக்கு உயிரில்லையா? பழந்தமிழர் வாழ்விலும் இவ்வுணவு அந்நியமானதன்று. கொழுத்த ஆவைத் தின்ற மழவரை அகநானூறு காட்டுகிறது. கோயில் மண்டபங்களிலும் கச்சேரி மேடைகளிலும் ஒலிக்கும் மிருதங்கத்துக்குப் பசுத்தோலும் எருமைத்தோலும் வேண்டும். நாதம் உள்ளே போகலாம். தோலை உரித்துப் பதப்படுத்தியவன் மாத்திரம் வெளியே நிற்க வேண்டும் என்பது என்ன நீதி?

அந்த நீதியை எதிர்த்து எமது மக்கள் போராடினார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தபோதிலும், ஏட்டிலே இருந்த உரிமையைத் தெருவிலே பெறுவதற்கு 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் செல்ல வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே அடியும் உதையும் பட வேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளிலே சிரட்டையும் போத்தலும் ஒழிந்தன. கோயிற் கதவுகள் பல திறந்தன. ஆனால் அடுப்பங்கரைச் சாளரம் திறக்கவில்லை. இன்றும் வீடு வாடகைக்குக் கேட்டுச் செல்பவரிடம், "மாடு சமைப்பீர்களோ?" என்று மெல்லக் கேட்பவர்கள் உளர். அக்கேள்வி உணவைப் பற்றியதன்று என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும்.

ஒதுக்கப்படுவதின் வலியை அறிந்த மண்ணே வேறொரு மக்களை ஒதுக்கிய கதையும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் துப்பாக்கி முனையில் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்திலே அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணிநேரம். ஒரு சட்டி இறைச்சி வேகும் நேரங்கூட இல்லை. "ஆறுதலாய்" என்று அம்மாவுக்குச் சொன்ன நானாவும் அன்று போனார். அதன்பின் பல மாதங்கள் அம்மா மாட்டிறைச்சி சமைக்கவில்லை.

2020 செப்டெம்பரில் இலங்கையில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கியது. உண்பவர்களுக்காக வெளிநாட்டு இறைச்சியை இறக்குமதி செய்யலாமென்பதும் அந்த யோசனையின் ஒரு பகுதி. வேற்று நாட்டிலே அறுபடும் மாட்டுக்கு வலிக்காதா என்ன? உள்ளூர்க் கசாப்புக்காரனின் பிழைப்பும் ஏழையின் கறிச்சட்டியுமே அந்த யோசனையின் குறியிலே இருந்தன.

என் மகள் இப்பொழுது அம்மாவின் முறைப்படியே சமைக்கிறாள். விறகுக்குப் பதிலாக எரிவாயு அடுப்பு; தணலுக்குப் பதிலாகச் சிறு சுடர். பொறுமை மாத்திரம் அதேதான். உண்ணாதிருப்பது ஒருவருடைய உரிமை; அதை நாம் மறுக்கவில்லை. தன் உழைப்பிலே வாங்கியதைத் தன் அடுப்பிலே சமைத்து, சாளரத்தைத் திறந்துவைத்து உண்பதும் மனிதனுடைய உரிமையே. அதையும் ஒருவரும் மறுக்கலாகாது.