இரவில் கார் எங்கே நிற்கும்?

"அங்கிள், ஹைட்ராலிக் போடுறதோ, எயார் போடுறதோ?"

காரைப் பதித்து ஓட ஆசைப்படும் பெடியன்கள் ஸ்காபரோவில் என் கராஜுக்கு வந்ததும் கேட்பது இதைத்தான். நான் உடனே பதில் சொல்வதில்லை. "இரவில கார் எங்க நிற்கும் தம்பி?" என்று திருப்பிக் கேட்பேன். முழிப்பார்கள். சிலருக்குக் கோபமும் வரும், விலை கேட்க வந்தவனிடம் விலாசம் கேட்கிறாரே என்று.

இரண்டுமே காரைத் தரையோடு படுக்க வைக்கும், இரண்டுமே எழுப்பும். பழுதாகிற விதம்தான் வேறு. எந்தப் பழுதோடு இவனால் குடித்தனம் நடத்த முடியும் என்று பார்த்துத்தான் நான் சாமானுக்கு ஓடர் கொடுப்பது.

நான் தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில். பெற்றோல் வராத தொண்ணூறுகளில், கொஞ்சப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஏ40 கார்களை ஓட்டிய காலம். அங்கே எங்கள் வேலையெல்லாம் காரை உயர்த்துவதுதான். ஸ்பிரிங்குக்கு இன்னொரு தட்டுப் போட்டு, குண்டும் குழியுமான ரோட்டில் வயிறு இடிக்காமல் பார்த்துக்கொள்வது. நல்ல காரை நிலத்தில் படுக்க வைக்க ஒருவன் காசு கொடுப்பான் என்று சொல்லியிருந்தால் என் பாஸ் என்னை வைத்தியரிடம் அனுப்பியிருப்பார்.

ஹைட்ராலிக் வந்த கதை எனக்குப் பிடித்தது. பொலிஸுக்குத் தப்ப வந்த வழி அது. கலிபோர்னியாவில் 1958இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது: மாற்றியமைத்த காரின் எந்தப் பாகமும் சில்லின் றிம்மின் அடி விளிம்புக்குக் கீழே தொங்கக்கூடாது. பதிந்த கார்களை ஓட்டிய மெக்சிக்க அமெரிக்க இளைஞர்களுக்குத்தான் அது இடித்தது. ரொன் அகீரே என்ற இளைஞர் 1959இல் தன் கோர்வெட் காருக்கு, விமானங்களிலிருந்து கழித்துவிட்ட ஹைட்ராலிக் பாகங்களை வாங்கிப் பொருத்தினார். சுவிச்சைத் தட்டினால் கார் சட்டப்படியான உயரத்துக்கு எழும்பும். பொலிஸ் போனதும் பழையபடி படுக்கும். அந்தச் சட்டம் நீங்கியது 2024 ஜனவரி 1ஆம் தேதிதான். கார் துள்ளுகிற வித்தையெல்லாம் அகீரேயின் வேலைக்குப் பிறகு வந்து சேர்ந்தது.

துள்ள வேண்டுமென்றால் இன்றைக்கும் எண்ணெய்தான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பம்ப் எண்ணெயைத் தள்ள, சிலிண்டர் கண்மூடித் திறப்பதற்குள் நீளும். அதற்கு விலை டிக்கியில் இருக்கிறது. துள்ளுகிற காருக்கு ஆறு பற்றரியைத் தொடராகக் கோர்த்து 72 வோல்ட் எடுப்பார்கள். ஒவ்வொரு பற்றரியும் 25, 30 கிலோ. பம்பும் இரும்புச் சட்டமும் சேர்ந்தால், பின் சீற்றில் மூன்று பெரிய மனிதரை நிரந்தரமாக ஏற்றி வைத்த மாதிரி. காரின் சொந்த ஓல்ரனேற்றர் 12 வோல்ட் கணக்குக்குச் செய்தது. இந்தக் கூட்டத்தை அதனால் கட்டியாள முடியாது. இரவில் சுவர்ப் பிளக்கில் சார்ஜரைக் கொழுவ வேண்டும். மாடிக் குடியிருப்பின் நிலக்கீழ் பார்க்கிங்கில் பிளக்குக்கு எங்கே போவது? சார்ஜ் ஏறும்போது பற்றரியிலிருந்து ஹைட்ரஜன் வேறு வெளிவரும். டிக்கிக்குக் காற்றோட்டம் வைக்காமல் வேலையை முடித்துக் கொடுப்பவனை நான் மெக்கானிக் என்று சொல்லமாட்டேன்.

இன்னொன்று, எண்ணெய் நசியாது. பள்ளத்தில் சில்லு விழுந்தால் அந்த அடியை வாங்க, சிலிண்டரோடு இருக்கும் வெட்டிய கட்டை ஸ்பிரிங்கை விட்டால் வேறு ஆளில்லை. நைதரசன் அடைத்த உருண்டை வைத்தால் ஓட்டம் மெதுவாகும். சிட்ரோயென் 1955இல் டி.எஸ். காரில் செய்தது அதே வித்தைதான்: தூக்குவது எண்ணெய், மெத்தையாக இருப்பது வாயு. ஆனால் உருண்டை வைத்தால் துள்ளல் செத்துவிடும். துள்ளலுக்காக வந்தவன் அதற்குச் சம்மதிப்பதில்லை.

எண்ணெயில் ஒரு நேர்மை உண்டு. ஒழுகினால் நிலத்தில் காட்டிக்கொடுக்கும். எந்தச் சில்லுப் பக்கம் கறை என்று காலையில் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. ஊசித்துளைக் கசிவை மட்டும் கையால் தடவித் தேடாதீர்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்வைக்குச் சின்னப் புள்ளி மாதிரித்தான் இருக்கும், ஆனால் விரலை இழக்க வைக்கிற காயம். மட்டைத் துண்டைப் பிடித்துத்தான் தேட வேண்டும்.

காற்று ஒழுகினால் கறை கிடையாது. மாலையில் நிமிர்ந்து நின்ற கார் விடியற்காலையில் ஒரு பக்கம் சரிந்து, வாதம் வந்த கிழவர் மாதிரி நிற்கும். காற்றில் கார் மிதப்பது புதுச் சங்கதி இல்லை. 1957இலேயே கடிலாக் எல்டொராடோ புறூமுக்கு நான்கு சில்லுக்கும் காற்றுப் பைதான். ஒழுக்கு உபத்திரவம் தாங்காமல் பலர் அதைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட்டார்கள். இன்று றப்பரும் வால்வும் எவ்வளவோ திருந்திவிட்டன. அம்மம்மா ஏறுவதற்காகப் "புஸ்" என்று முன்பக்கம் தாழ்ந்து கொடுக்கிற நகரத்து பஸ்ஸிலும் அதே பைதான். காற்று நசியும், நசிய நசிய இறுகும். பாரத்துக்கு ஏற்ற அளவு அடித்து வைத்தால் பழைய பிக்கப்பும் மெத்தையில் போவது போல ஓடும்.

கேடு பெரும்பாலும் பையில் இல்லை, குழாய் நுனியில்.

இதை நான் படித்த விதத்தைச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு எஸ்10 பிக்கப். பைகள் போட்டாயிற்று, காற்று ஏற்றியாயிற்று. நைலோன் குழாயை வெட்ட அதற்கென்றே பிளேட் வைத்த வெட்டி உண்டு. அன்று கைக்கு அகப்பட்டது கட்டர் பிளையர். வெட்டிய நுனி கொஞ்சம் நசுங்கி, சரிவாக இருந்தது. தள்ளிச் செருகும் ஃபிற்றிங்தானே, பிடித்துக்கொள்ளும் என்று விட்டேன். பிறகு ரயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுச் சவர்க்காரத் தண்ணீர் அடித்துக் குமிழி தேடினேன். நுனியில் நுரை பூத்தது. போத்தலை ரயரின் மேல் வைத்துவிட்டுத் துணியை எடுக்கத் திரும்பினேன். "பட்" என்று ஒரு சத்தம், பிறகு ஒரு நீண்ட மூச்சு. குழாய் கழன்று பிக்கப் இருந்துவிட்டது. பிளாஸ்ரிக் போத்தல் அப்பளமாகி, சவர்க்காரத் தண்ணீர் என் முகமெல்லாம் தெறித்தது. அந்தப் போத்தல் இருந்த இடத்தில்தான் ஒரு நிமிஷத்துக்கு முன் என் மணிக்கட்டு இருந்தது. குற்றம் பிக்கப்பில் இல்லை, ஃபிற்றிங்கிலும் இல்லை. அந்த வெட்டி மூன்றடி தள்ளி மேசை லாச்சியில் கிடந்தது.

இனிக் குளிர். கொம்பிரசர் அமத்துகிற காற்றோடு ஈரமும் தாங்கிக்குள் போகும். கோடையில் அது அடியில் தண்ணீராகத் தேங்கும். சைபருக்குக் கீழே இருபது பாகை என்றால் வால்வுக்குள் ஐஸாகிப் பூட்டிக்கொள்ளும். அன்று கார் எழும்பாது, வேலைக்கும் போக முடியாது. ஈரமுறிஞ்சி வைக்க வேண்டும், தாங்கியின் அடித் திருகைத் திறந்து தண்ணீர் விட வேண்டும். எண்ணெயும் குளிரில் தடித்துச் சோம்பும். ஆனால் ஹைட்ராலிக் கார் வைத்திருப்பவன் அதைப் பனிக்காலத்தில் வெளியே எடுப்பதே இல்லை. ரோட்டு உப்பில் விட அவனுக்கு மனம் வராது.

எதைப் போட்டாலும், ஓடுகிற உயரத்தில் நிறுத்தித்தான் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். முழு உயரத்தில் பார்த்துவிட்டுப் பதித்து ஓடினால், ரயரின் உள்விளிம்பு ஒரு கோடைக்குள் கம்பி தெரியத் தேய்ந்துவிடும்.

போன வசந்தத்தில் வந்த பெடியன் பாட்டு வீடியோக்களைப் பார்த்து ஹைட்ராலிக் என்று ஒற்றைக்காலில் நின்றான். மாடிக் குடியிருப்பு, வெளியே திறந்த பார்க்கிங், இருப்பது ஒரே வாகனம், காலை ஐந்து மணிக்கு ஃபக்டரி வேலை. "உனக்கு எயார்தான் தம்பி. ஹைட்ராலிக் வேணுமெண்டால் முதல்ல பிளக் உள்ள கராஜோட வீடு வாங்கு, பிறகு வா" என்றேன். முகம் கறுத்துத்தான் போனான். மற்றக் கிழமை பிக்கப்போடு வந்தான். எயார் போட்டுக் கொடுத்தேன். நவம்பரில் தாங்கித் தண்ணீர் விடத் தானே வந்தான், நான் கூப்பிடவில்லை.

இதை வாசித்துவிட்டு வீட்டு வாசலில் நீங்களே வேலையில் இறங்குவதானால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எண்ணெயோ காற்றோ, அது தூக்கி வைத்திருக்கிற காருக்கடியில் தலையையோ கையையோ விடாதீர்கள். சேசிஸுக்கு இரும்புக் குதிரை கொடுத்து, காரை அதில் இறக்கி, உலுக்கிப் பார்த்துவிட்டுக் குனியுங்கள்.