கப்பல் ஏறியவனுக்குக் குலம் ஏது?

“கப்பல் ஏறியவனுக்குக் குலம் ஏதடா?” அந்தமானுக்குப் புறப்பட்டபோது எங்கள் பாட்டியார் வழங்கிய வாழ்த்துரை இது! சினத்தில் சொன்னார். அதைவிட உண்மையான வாக்கு அவர் வாயிலிருந்து வந்ததில்லை என்பதைப் பின்னர் உணர்ந்தோம்.

நாங்கள் இருவர், ஒரே பள்ளியின் ஆசிரியர்கள். உடன் வந்த நண்பரின் நெஞ்சிலே ஒரு பாரம். அவர் விரும்பிய நங்கை வேறு சாதி. “என் பிணத்தைத் தாண்டிச் சென்று தாலி கட்டு” என்று தந்தை கூறிவிட்டார். கடற்காற்று கவலையைப் போக்கும் என்று நண்பரை அழைத்துச் சென்றோம்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். மூன்று நாள் கப்பல். போர்ட் பிளேரில் இறங்கினோம். 2024-இல் அதற்கு ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். மறுநாள் நீல் தீவுக்குப் படகு. அதற்கும் 2018-இல் வேறு பெயர் சூட்டினார்கள். படகிலிருந்தோர் நீல் என்றே அழைத்தனர்.

கரையோரம் பச்சை, அப்பால் நீலம், ஆழத்திலே கருமை! பறவைக்கோலா மீன்கள் எழுந்து பறந்து விழுந்தன. படகுத் தொழிலாளி ஒருவர் தமிழில் பேச்சுக் கொடுத்தார். தமிழரோ என்றோம். சிரித்தார்.

“அண்டை வீட்டில் கற்றது சார். கொள்ளுப்பாட்டன் பஞ்சாபி, கொள்ளுப்பாட்டி வங்காளத்தாள். இருவரும் கைதிகள்.”

1858-இல் வெள்ளையர் இங்கே கைதிக் குடியேற்றம் அமைத்தனர். முந்திய ஆண்டின் கிளர்ச்சியில் பிடிபட்டோர் முதலில் வந்தனர். பின்னர் நாட்டின் பல திசையினரும் வந்தனர். கடல் கடந்தால் சாதி போகும் என்று நடுங்கியோருக்குத் தூக்குக் கயிற்றைவிடக் கொடியது இந்தக் காலாபானி. போயிற்றா சாதி? பெண் கைதிகளும் இருந்தனர். தண்டனைக் காலத்தில் ஒழுங்காக நடந்தோர், அனுமதி பெற்று மணந்துகொண்டனர். இருவர் காலிலும் விலங்கு கிடந்த தழும்பு. இதில் உயர்ந்த கால் எது, தாழ்ந்த கால் எது? அவர்கள் வழிவந்தோரை ‘லோக்கல் பார்ன்’ என்கிறார்கள்.

நண்பர் மெல்லக் கேட்டார்: “அந்தத் திருமணத்தை உறவினர் எதிர்க்கவில்லையா?”

“எதிர்க்க யார் இருந்தார்கள் சார்? சொந்தக்காரர் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கமல்லவா!”

நீல் தீவிலே திடீர் மழை. ஒரு குடிசைத் திண்ணையில் ஒதுங்கினோம். நாட்டுப் பிரிவினையால் கிழக்கு வங்கத்தை விட்டுவந்தோரின் வழிவந்த காய்கறி உழவர்கள். வீட்டு அம்மையார் உள்ளே அழைத்தார். சோறு, பருப்பு, மீன்குழம்பு. நம் ஊரில் இலை விழுமுன்னே விழுமே ஒரு கேள்வி, அதற்காகக் காத்திருந்தோம். வந்தது ஒரே கேள்வி, பேரன் வாயிலாக: “மீன் சாப்பிடுவீர்களா?” காசு நீட்டினோம், கையைத் தட்டிவிட்டு, இரண்டு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார்.

இனிக்க இனிக்க எழுதும்போது ஒன்றை மறைத்தல் அறமன்று. இத்தீவுக் கூட்டத்தின் மூத்த குடிகளான பெரும் அந்தமானியர் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தவர்கள். குடியேற்றம் கொணர்ந்த நோய்களால் மாண்டு, இன்று சில பத்துப்பேராகக் குறைந்துவிட்டனர். வந்தவர் எவரும் அவர்களைக் கேட்டு வரவில்லை.

திரும்பும் படகில் நண்பர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, “எதிர்க்க ஆளில்லாத ஊரில் மணப்பது எளிது. எனக்கு அப்பாவும் வேண்டும்” என்றார். எங்கள் குறிப்பேட்டிலிருந்து நான்கு தாள் கிழித்து வாங்கினார். துறை வருமுன் எழுதி முடித்தார். நாங்கள் படிக்கவில்லை, அஞ்சல்தலை மட்டும் ஒட்டிக் கொடுத்தோம்.