பேசின் பிரிட்ஜும் ஹைபர்னேட்டும்

சஸ்பெண்டுக்கும் ஹைபர்னேட்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, வடசென்னைக்காரனுக்கு பேசின் பிரிட்ஜே போதும் மக்களே.

சென்ட்ரல்ல பிளாட்பாரம் காலி இல்லன்னா வண்டி இங்கதான் நிக்கும். உள்ள லைட்டு, ஃபேனு ஓடிட்டே இருக்கும். சிக்னல் விழுந்தா உடனே கிளம்பிடும். இது சஸ்பெண்ட். பக்கத்து யார்டுல எல்லாத்தையும் அணைச்சுப் போட்ட ரேக் ஹைபர்னேட். கரண்டே வேணாம், கிளப்பத்தான் நேரமாகும்.

சஸ்பெண்ட்ல ராமுக்கு கரண்ட் போய்க்கிட்டே இருக்கணும். பேட்டரி தீர்ந்தா எல்லாம் காலி. ஹைபர்னேட், ராம்ல இருக்கறத டிஸ்க்ல ஸ்வாப்ல எழுதிட்டு மொத்தமா அணைஞ்சிடும்.

2011ல தொடங்கின அரசு இலவச லேப்டாப் திட்டத்துல பன்னெண்டாவது படிக்கறப்ப எனக்குக் கெடச்ச பொட்டி, இப்ப டெபியனோட தங்கச்சிகிட்ட இருக்கு. பேட்டரி இருவது நிமிஷம் தாங்கினா பெரிசு. புதுசு வாங்க இப்ப வழியில்ல.

செஞ்சது மூணே வேலை. ராம் அளவுக்குக் குறையாம ஸ்வாப் பார்ட்டிஷன். எழும்பறப்ப எங்க தேடணும்னு கிரப்ல 'ரெஸ்யூம்' வரி. பேட்டரி அடிமட்டத்துக்கு வந்தா தானா ஹைபர்னேட் ஆகணும்னு யுபவர்ல ஒரு செட்டிங். புதுப் பொட்டின்னா செக்யூர் பூட்டையும் பாருங்க. அது ஆன்ல இருந்தா பல லினக்ஸ்ல கர்னலே ஹைபர்னேட்டைத் தடுத்துடும்.

போன வாரம் ராத்திரி கரண்ட் போச்சு. காலையில பட்டனை அமுக்கினா, அவ பாதியில விட்ட வரியிலயே கர்சர் மினுக்குது.

"இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம்ணா"ன்னா. ஓட்டலாம்!