கணினி ஊமையான அன்று

1990 ஒக்டோபர் 30இல் நாம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது நான் சிறுவன். மீண்டு வந்தபின், நம் குடும்பங்களின் காணி உறுதிப் பிரதிகளை என் பழைய லினக்ஸ் கணினியில் சேர்த்து வைத்திருந்தேன்.

வேகம் போதவில்லையென்று 'றாம்' என்னும் நினைவகத் தகடு இன்னொன்று வாங்கிப் பொருத்தினேன். திரை கறுத்துவிட்டது. 'பீப், பீப்' என்ற சத்தம் மட்டுந்தான். பார்க்க வந்த தம்பி, "லினக்ஸ் பழுது ஹஸரத், எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் போடுவோம்" என்றார். எனக்கு வயிறு கலங்கியது.

நஹ்வும் ஸர்பும் படித்தவனுக்கு இது எங்கே விளங்கும் என்பீர்கள்! ஆனாலும் வாசித்துப் பார்த்தேன். அந்தச் சத்தம் லினக்ஸ் எழும்புமுன்பே வருவது. ஆகவே குற்றம் அதனுடையதல்ல. றாமில் இருப்பது மின்சாரம் நின்றால் போய்விடும். நம் கோப்புகள் இருப்பதோ ஹார்ட் டிஸ்க்கில். பிறகேன் அழிக்க வேண்டும்?

மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, புதிய தகட்டை எடுத்தேன். பழையதோடு மட்டும் இயக்கினேன், எழும்பியது. மறுபடி நிறுத்தி, புதியதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, இரு பக்கக் கவ்விகளும் 'டிக்' என்று பூட்டும்வரை அழுத்தினேன். முன்பு ஒரு பக்கந்தான் பூட்டியிருக்க வேண்டும். இம்முறை எழும்பியது, அல்ஹம்துலில்லாஹ். மெம்டெஸ்ட் என்னும் சோதனையை இரவு முழுக்க ஓடவிட்டேன், பிழையில்லை.

விடிந்ததும் உறுதிகளைப் பென் டிரைவில் பிரதி எடுத்தேன். அது இப்போது என் மனைவியின் நகைப் பெட்டியில் இருக்கிறது.