பீர் விற்காத கடையில் பீர் டப்பா... அடிலெய்ட் வீடுகளின் 23 லிட்டர் கதை!

ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் பால், பிரெட், பழம், பாத்திரம் கழுவும் சோப்பு வரை எல்லாம் கிடைக்கும். பீர் கிடைக்காது. தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் பொதுவாக அதற்கென்று இருக்கும் தனிக் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஆனால், அதே சூப்பர் மார்க்கெட்டின் அலமாரியில் 1.7 கிலோ தகர டப்பா ஒன்று உட்கார்ந்திருக்கும். பெயர் கூப்பர்ஸ். உள்ளே தேன்பாகு போன்ற கெட்டியான பழுப்புத் திரவம். மூடிக்குக் கீழே குட்டியாக ஒரு ஈஸ்ட் பாக்கெட். இன்னும் புளிக்காததால் அது மது இல்லை. வீட்டுக்கு எடுத்துப்போய்த் தண்ணீர் சேர்த்துப் புளிக்க வைத்தால், 23 லிட்டர் பீர்!

இந்த டப்பாவுக்கு அடிலெய்ட்தான் சொந்த ஊர். நகர மையத்துக்கு வடமேற்கே, ரீஜன்சி பார்க் என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் இருக்கிறது ஆலை. ஆரம்பித்தது மட்டும் ஒரு வீட்டில்.

தாமஸ் கூப்பர், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலிருந்து 1852-ல் கப்பலேறி வந்தவர். செருப்புத் தைத்தார், கொத்து வேலை பார்த்தார், பால் விற்றார். மனைவி ஆன் உடம்பு முடியாமல் படுத்தபோது, தெம்பு கொடுக்கட்டும் என்று வீட்டிலேயே ஏல் என்ற வகை பீரைக் காய்ச்சினார். அந்தக் காலத்தில் அதை டானிக்காக நம்பினார்கள். (இந்தக் கால டாக்டர் யாரும் எழுதித் தரமாட்டார்!) 1862-ல் அதுவே தொழிலானது. ஆன் 1872-ல் இறந்துபோனார். மனைவிக்காகக் காய்ச்சிய பீர்தான் பிள்ளைகள், பேரன்கள் என்று இன்றுவரை குடும்பத் தொழிலாக நீடிக்கிறது. 2005-ல் ஒரு பெரிய நிறுவனம் விலைக்குக் கேட்டும் பங்குதாரர்கள் கொடுக்கவில்லை.

தாமஸ் தீவிர மெதடிஸ்ட் கிறிஸ்தவர். மதுக்கூடங்கள் அவருக்குப் பிடிக்காது. அதனால் வீடுகளுக்கே பீரைக் கொண்டுபோய்க் கொடுத்தார். நூறு வருஷம் கழித்து பீர் காய்ச்சும் வேலையே வீடுகளுக்கு வந்துசேர்ந்தது. 1973-ல் வீட்டு பீருக்கு இருந்த சட்டத் தடை விலகியது. கடை பீருக்கு அங்கே வரி அதிகம்; சொந்த உபயோகத்துக்கு வீட்டில் செய்தால் வரி இல்லை. டப்பா விற்பனைக்கு வேறென்ன வேண்டும்? ஆனால், பீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உரிமம் இல்லாமல் வடித்து இறக்கினால் அங்கேயும் குற்றம்தான். (தமிழ்நாட்டில் பீரே குற்றம். யாரும் டிரம்மைத் தேட வேண்டாம்!)

முளைகட்டி உலர்த்திய பார்லியை ஊறவைப்பது, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைச் சேர்த்துக் கொதிக்க வைப்பது, வற்றவைப்பது எல்லாம் ஆலையிலேயே முடிந்துவிடும். வீட்டில் செய்ய வேண்டியது, டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கி, பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றி, ஒரு கிலோ சர்க்கரை கரைத்து, தண்ணீரை நிரப்பி, ஈஸ்ட்டைத் தூவுவது. அரை மணி நேர வேலை. அதற்கு முன்னால் டிரம், கரண்டி, குழாய் எல்லாவற்றையும் கழுவிக் கிருமி நீக்கவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். அதில் சோம்பல்பட்டால் 23 லிட்டரும் புளித்த காடியாகிச் சாக்கடைக்குத்தான் போகும்.

அடுத்த எதிரி வெயில். தோசை மாவு வைப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈஸ்ட்டுக்கு 20 டிகிரியை ஒட்டிய சூடு போதும். அடிலெய்டில் 2019 ஜனவரி 24 அன்று பதிவான வெப்பம் 46.6 டிகிரி! தகர ஷெட்டில் டிரம்மை வைத்தவர் கதி என்ன? அதிகச் சூட்டில் புளித்த பீரில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாசம் அடிக்கும். அதனால் கோடையில் டிரம்முக்கு ஈரத்துண்டு சுற்றுவார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, ஐஸ் கட்டிய பாட்டில்களைப் பக்கத்தில் மிதக்கவிடுவார்கள். சிலர் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுவார்கள்.

ஒரு வாரம் போனால் குமிழி அடங்கும். 'ஆச்சு' என்று உடனே பாட்டிலில் அடைத்தால் ஆபத்து. பாலுக்கு லாக்டோமீட்டர் போல, இதற்கு ஹைட்ரோமீட்டர். இரண்டு நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டினால்தான் புளிப்பது முடிந்ததாக அர்த்தம். மிச்சச் சர்க்கரை இருந்தால் மூடிய பாட்டிலுக்குள் வாயு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடி பாட்டில் வெடித்துச் சிதறி ஆளைக் காயப்படுத்தும். கிட்டோடு 740 மில்லி பிளாஸ்டிக் பாட்டில்கள் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு சர்க்கரை வில்லைகள் போட்டு மூடி வைத்தால், அளவாக வாயு சேரும். இன்னும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை சரிப்படாது.

பாட்டிலின் அடியில் வெள்ளையாக வண்டல் படியும். அது கெட்டுப்போனதல்ல, ஈஸ்ட். கூப்பர்ஸ் ஆலையின் பேல் ஏல் பாட்டிலிலும் அது இருக்கும். அடிலெய்ட்காரர்கள் பலர் பாட்டிலைப் படுக்கவைத்து மெல்ல உருட்டி, வண்டலைக் கலக்கிவிட்டுத்தான் திறப்பார்கள். விவரமானவர்கள் மட்டும் கலக்காமல் மேல் பீரை ஊற்றிக்கொண்டு, வண்டலைப் பத்திரப்படுத்துவார்கள். அடுத்த டிரம்முக்கு உறை மோர் அதுதான்.