உப்பிட்ட நிலம்

கலைஞனுக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு என்ன என்று மேடையில் யாராவது கேட்டால், தாய்க்கும் சேய்க்கும் உள்ள உறவு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். கைதட்டலும் கிடைக்கும். எனக்கு என்னவோ அது கடன் கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் உள்ள உறவாகவே படுகிறது. தாயிடம் வாங்கியதற்கு யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. மண்ணிடம் வாங்கியதற்குக் கணக்கு உண்டு. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தக் கணக்கு.

இந்த எண்ணம் எனக்கு வலுப்பட்டது எக்கியார்குப்பத்துக்குப் போயிருந்தபோது. மரக்காணத்தை அடுத்த மீனவர் கிராமம் அது. சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்துப் பக்கம் உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். பாத்தி பாத்தியாக நீர். நடுநடுவே வெள்ளை வெளேரென்று அம்பாரங்கள். கார்களை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

“கண்ணாடி பதித்தாற்போல இருக்கிறதே அம்மா!” என்றேன், வரப்போரம் இளைப்பாறிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம்.

“உங்களுக்குக் கண்ணாடி சார். எங்களுக்குக் கண்ணு கூச்சம். வெயிலு மேலேருந்து மட்டுமா அடிக்குது? கீழேருந்தும்தான் அடிக்குது” என்றார் அவர்.

பிறகு அவரே விவரம் சொன்னார். ஐப்பசி கார்த்திகை மழையில் பாத்திகள் மூழ்கிப்போகும். மழை ஓய்ந்த பின் நீரை இறைத்து, சேற்றை ஒதுக்கி, தரை இறுகும்வரை ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதிக்க வேண்டும். நன்றாக மிதித்த பாத்தியில்தான் உப்பு வெள்ளையாக விளையும். இல்லாவிட்டால் மண்ணும் சேர்ந்து வரும். அப்படியானால், நாம் நிலம் என்று சொல்வது கடவுள் படைத்துவிட்டபடியே கிடப்பதல்ல. வருஷந்தோறும் மனிதர்கள் கால் தேயச் செய்து முடிப்பது. நாம் காண்கிற அழகு அந்தக் கால்களின் வேலை.

இதை நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த புலவர் ஒருவர் இதே கடற்கரையில் இருந்தார். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்று பெயர். மரக்காணத்துக்கு வடக்கே இன்றும் இடைக்கழிநாடு என்ற ஊர் இருக்கிறது. அவர் பாடியது சிறுபாணாற்றுப்படை, 269 அடிகள். பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போக வழி சொல்கிறான்.

வழி சொல்லும் அந்தப் பாணனின் வீட்டு அடுக்களை, பரிசு பெறுவதற்கு முன் இருந்த நிலையை நத்தத்தனார் காட்டுகிறார். ஈன்ற நாய் குட்டிகளுக்குப் பால் கொடுக்கமுடியாமல் குரைக்கிறது. கூரை இற்றுக் கிடக்கிறது. குப்பையில் முளைத்த கீரையைப் பாணன் மனைவி நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அயலார் பார்த்துவிட்டால் அவமானமென்று கதவைச் சாத்திக்கொண்டு குடும்பம் சேர்ந்து உண்கிறது.

உப்புக்கும் வழியில்லாதிருந்த அந்தக் கலைஞன், வறுமையில் வாடும் இன்னொரு கலைஞனுக்குச் சொல்லும் வழியில் முதல் ஊர் எது தெரியுமா? எயிற்பட்டினம். இன்றைய மரக்காணம்தான் அது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். கடல் ஒதுக்கிய அகில் கட்டைகள் தூங்கும் ஒட்டகங்களைப்போல் கிடக்க, அவற்றை எரித்துப் பரதவப் பெண் காய்ச்சிய மதுவும் சுட்ட மீனும் அங்கே கிடைக்கும் என்கிறது பாட்டு. அடுத்து வேலூரில் எயினப் பெண்கள் சமைத்த புளிச்சோறும் இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும். பரிசு கொடுக்கப்போகிற அரசனைப் புகழ்வதோடு நிற்காமல், வழியில் சோறு போட்டவர்களையெல்லாம் ஒருவர் விடாமல் சொல்லிவிடுகிறார். அதனால்தான் அந்த நிலம் இன்றும் உயிரோடிருக்கிறது.

இந்தக் கடனை உணர்ந்தவர்கள் நம் காலத்திலும் உண்டு. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடையே போய்ப் பழகி, அவர்கள் வாழ்க்கையை ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ என்று நாவலாக்கினார். அது 1979-ல் வெளிவந்தது. அவர் பிறந்ததோ திருச்சிப் பக்கத்து முசிறியில். பிறந்த மண்ணுக்குத்தான் கடன் என்று அவர் நினைக்கவில்லை.

ஆப்பிரிக்காவிலும் ஒருவர் இருக்கிறார். எல் அனட்சுயி என்ற சிற்பி. கானா நாட்டின் கேட்டா உப்பங்கழியோரத்து அன்யாகோ என்னும் ஊரில் 1944-ல் பிறந்தவர். அந்தக் கழியிலும் வெயில் காலத்தில் உப்பு எடுக்கிறார்கள். கலைப் பள்ளியில் மேனாட்டு முறையில் பயின்றவர், வெளியே வந்ததும் கையில் எடுத்தது சந்தையில் பெண்கள் பண்டம் பரப்பும் மரத்தட்டுகளை. பிறகு உடைந்த மண்பானை; பிறகு மரக்கட்டை. 1975 முதல் நைஜீரியாவின் நுசுக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். தொண்ணூறுகளின் இறுதியில் மதுப்புட்டி மூடிகள் நிறைந்த மூட்டை ஒன்று அவர் கண்ணில் பட்டது. மூடிகளைத் தட்டி, மடித்து, செம்புக் கம்பியால் கோத்து, சுவர் சுவராகத் தொங்கும் தகதகக்கும் திரைகளைச் செய்தார். பல பேர் கைகள் சேர்ந்து கோத்தவை அவை. 2015-ல் வெனிஸ் கலைவிழா வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கத்தை அவருக்கு வழங்கியது.

தூரத்திலிருந்து பார்த்தால் பொற்சரிகை. கிட்டே போனால் சாராய மூடி. ஐரோப்பிய வணிகர் ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்த சரக்குகளில் மதுவும் ஒன்று. மனிதர்களை விலைக்கு வாங்க அதையும் கொடுத்தார்கள். அந்தச் சரித்திரத்தை அவர் மறைக்கவில்லை. மண்ணின் அழகோடு மண்ணின் காயத்தையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்.

அந்தத் திரைகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு எக்கியார்குப்பம் ஞாபகம் வருகிறது. 2023 மே மாதம் அந்தக் கிராமத்தின் பெயர் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். உடல் வலிக்க உழைத்துப் பிழைத்தவர்கள் அவர்கள். விருந்தாளிக்கு மது வார்த்ததாகப் பாட்டில் புகழ்பெற்ற கரையில், குடித்தவர் உயிரை மது வாங்கிற்று. பத்திரிகைகள் எண்ணிக்கையைச் சொல்லின. அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அவரவர் கடமை அது.

ஆனால் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், மாலையில் எதற்காக அந்தச் சாராயத்தைத் தேடிப் போனார்கள், மறுநாள் காலை அந்த வீடுகளில் அடுப்பு மூட்டியது யார் என்பதெல்லாம் கதை எழுதுகிறவன் போய்க் கேட்டுச் சொல்லவேண்டியவை. அனுதாபத்தால் அல்ல, அனுதாபம் நாலு நாளில் ஆறிவிடும். பட்ட கடன் என்று நினைத்தால்தான் போகத் தோன்றும். பாணனைப்போல் உப்பில்லாக் கீரை தின்னும் நிலையில் நான் இல்லை. என் வீட்டுச் சோற்றில் தினமும் உப்பு இருக்கிறது. அதை விளைவித்த கால்கள் எங்கோ ஒரு பாத்தியில் மிதித்துக்கொண்டிருக்கின்றன.