ஓம், கசக்கும்

என் மகளுடைய மகனுக்கு மூன்று வயது. சென்ற மழைக்குக் காலில் புண் வந்து சீழ் கட்டிவிட்டது. டொக்டர் குளொக்ஸசிலின் பாணி எழுதினார். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், ஐந்து நாளைக்கு. புண் ஆறியதுபோல் தெரிந்தாலும் இடையில் நிறுத்தக் கூடாது என்றார். அந்தப் பாணியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். மேலுக்கு இனிப்பு, அடியில் வேம்பு.

முதல் வேளையே வீடு அமளிப்பட்டது. ஒருவர் காலைப் பிடிக்க, ஒருவர் தலையைப் பிடிக்க, பாதி மருந்து சட்டையில் போனது. "பால்ல கலந்து குடுப்பம் வாப்பா, அவனுக்குத் தெரியாது" என்றாள் மகள். வேண்டாம் என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகப் பட்டது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கக் கூடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் உம்மா பொய் சொல்ல மாட்டா, மருந்து விசயத்தைத் தவிர. எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் மலேரியா சாதாரணம். வேளாண்மைக் காலத்தில் வாப்பாவோடு வட்டைக்குப் போய் வாடியில் தங்கிவிட்டு வந்தால், கொஞ்ச நாளில் நடுக்கம் பிடிக்கும். அதற்குக் குளோரோகுயின் குளிசை. உம்மா அதை நசுக்கிக் கதலிப் பழத்துக்குள் வைத்து, "தின்னுங்க மனே, தேன் பழம்" என்று ஊட்டினா. நம்பிக் கடித்தேன். அந்தக் குளிசைதான் என்னை உயிரோடு வைத்தது. உம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றிதழும் கொடுத்துவிட்டது. ஆனால் இன்றும் கதலிப் பழத்தை உரித்தால், பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறேன்.

இதெல்லாம் அறிந்திருந்தும் என் மகனுக்கு நான் அதையே செய்தேன். 2004 நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அவனுக்குச் சளிக் காய்ச்சல். அப்போது நாலு வயது. மருந்தைப் பால் கோப்பைக்குள் ஊற்றி, "வெறும் பால்தான்" என்றேன். பாதியில் கண்டுபிடித்து மிச்சத்தைத் தள்ளிவிட்டான். எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து நான் எது கொடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பான். வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

ஆறு கிழமை கழித்து டிசம்பர் 26 வந்தது. அந்த ஞாயிறு காலையைப் பற்றி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாட்டிலேயே கூடுதலானோர் மௌத்தானது எங்கள் அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். மகன் என் தோளிலிருந்து நழுவி, கடல் தண்ணீரைக் குடித்து, எப்படியோ மீண்டான்.

ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். இரண்டாம் கிழமை அவனுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. ஒரு பகலும் ஒரு இரவும் போக, கண்கள் குழிவிழுந்தன. அழுதான், கண்ணீர் வரவில்லை. முகாமுக்கு வந்த டொக்டர் ஜீவனி பக்கற்றுகளைத் தந்து, "இதக் குடிச்சா போதும். குடிக்காட்டி விடியக்காலயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, சேலைன் ஏத்தணும்" என்றார்.

ஜீவனியில் இருப்பது குளுக்கோஸ், உப்பு, கொஞ்சம் பொட்டாசியம், சிட்ரேட். குளுக்கோஸ் கூட இருந்தால் குடல் உப்பை இழுக்கும், உப்போடு தண்ணீரும் உள்ளே போகும். 1971இல் வங்காள அகதிகள் பொங்காவ் முகாமில் கொலராவில் விழுந்தபோது, சேலைன் தீர்ந்து போன நிலையில் டொக்டர் திலீப் மகாலனபிஸ் இந்தக் கரைசலைத்தான் நோயாளிகளின் சொந்தக்காரர் கையாலேயே கொடுக்க வைத்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த மரணம் 4க்கும் கீழே இறங்கியது. அவ்வளவு பெரிய மருந்தும் பிள்ளை வாயைத் திறந்தால்தான் மருந்து.

கோப்பையைக் கொண்டு போனேன். "தண்ணிதான் மனே, வெறும் தண்ணி" என்றேன். பழைய வாய். ஒரு மிடறு எடுத்தவன் துப்பிவிட்டுக் கத்தினான்: "கடல்! கடல்!" அதற்குப் பிறகு உதட்டைத் திறக்கவில்லை. என் கையைக் கண்டாலே முகத்தைத் திருப்பினான். உம்மாவின் கையும் அவனுக்கு வேண்டாமாம்.

பக்கத்துப் பாயில் ஒரு மூத்தம்மா. பேத்தியை அடக்கிவிட்டு வந்தவ. எழுந்து வந்து, "நீங்க தள்ளுங்க தம்பி" என்றா. புதுப் பக்கற்றொன்றை அவன் கையில் கொடுத்துக் கிழிக்கச் சொன்னா. கொதித்தாறிய தண்ணீரை அவன் பார்க்கவே அளந்து ஊற்றினா. கரண்டியைக் கொடுத்துக் கலக்கவும் விட்டா. முதலில் தான் குடித்து முகத்தைச் சுளித்தா.

"ஓம் மனே, உப்புத்தான். நல்லாரிக்காது. மருந்துதான் இது. ஆனா கடல் இல்ல. நீங்க கலக்கின தண்ணி."

அவன் வெகுநேரம் அவவின் முகத்தையே பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான். ஒரு நிமிசத்துக்கு ஒரு தேக்கரண்டி. சத்தியெடுத்தபோது பத்து நிமிசம் பொறுத்து, இன்னும் மெதுவாக. ஸுபஹுக்கு பாங்கு சொல்லும்போது அவனுக்குச் சிறுநீர் போனது. அந்த மூத்தம்மா அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் அழுதா.

அபூதாவூதில் வரும் ஒரு சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். ஏதோ தருவதாகச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட்ட தாயிடம், என்ன கொடுக்கப் போகிறாய் என்று நபியவர்கள் விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்தப் பாயில் இருந்துதான் அதைப் படித்தேன்.

பொய் மறுபக்கமும் வெட்டும். மருந்தை டொபி என்று சொல்லிப் பழக்கினால், ஆளில்லாத நேரத்தில் பிள்ளை பனடோல் பாணிப் போத்தலைத் தேடிப் போகும். அது அளவு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும்.

பேரனிடம் வருகிறேன். மகளை இருக்கச் சொல்லிவிட்டு, அவனை மடியில் நிமிர்த்தி வைத்தேன். "மூத்தாப்பா, கசக்குமா?" என்றான்.

"ஓம், கசக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள போயிரும். சிறிஞ்ச நீங்க பிடிக்கிறீங்களா, நான் பிடிக்கவா?"

தானே பிடிப்பதாகச் சொன்னான். ஊசியில்லாத சிறிஞ்சில் அளவை இழுத்துக் கொடுத்தேன். கன்னத்துப் பக்கமாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளச் சொன்னேன். அழுதான், ஆனால் விழுங்கினான். ஏழுவரை எண்ணினோம். ஐந்து நாளும் அழுதான், ஐந்து நாளும் குடித்தான்.

கடைசி வேளை முடிந்து கொஞ்ச நேரம் கழித்து ஒரு கதலிப் பழத்தை உரித்துக் கொடுத்தேன். பிட்டுப் பார்க்காமல் அப்படியே கடித்தான்.